பெட்டிக்குள் ஓர் ஊர் – 11: வோல்ட்டின் வர்க்கம்

2019 ஜூலை 25. டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்து ஊரான டூயிஸ்பர்க்கின் பேர்ல் பகுதியில் அன்று 41.2 டிகிரி. ஜெர்மனி அதுவரை கண்டிராத வெயில். மதுரைக்காரனான எனக்கே மூச்சு முட்டியது. குளிரை வெளியே நிறுத்தக் கட்டிய வீடுகள் இவை. ஏசி கிடையாது, மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. டுசல்டோர்ஃபின் பில்க் பகுதியில் எங்கள் கட்டடத்தின் உச்சி மாடியில், கூரைக்கு நேர் கீழே, ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பையன் மாலையில் இறங்கி வந்தான்.

"அண்ணை, என்ர கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப நிண்டு போகுது. வோல்ட்டேஜை இன்னும் கொஞ்சம் கூட்டினா சரிவருமோ?"

குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கணினி. ஆறு கோர் புராசசர். ஆறும் சேர்ந்து உழைக்கும்போது 4.3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை, பயாஸுக்குள் போய் 5.0 ஆக்கியிருந்தான். அந்த வேகத்துக்குத் தாக்குப்பிடிக்க 1.15 வோல்ட்டை 1.35 ஆகவும் உயர்த்தியிருந்தான். ஓவர்கிளாக் செய்கிற எல்லோரும் நடந்த பாதைதான்.

வோல்ட் ஏன் தேவைப்படுகிறது? டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னூட்டத்தை நிரப்பி வடிக்கின்றன. துடிப்பை வேகமாக்கினால் நிரம்ப நேரம் போதாது. பூஜ்யமா ஒன்றா என்று தெளிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். ஒரு தவறு போதும், நீலத்திரை. வோல்ட்டை உயர்த்தினால் சீக்கிரம் நிரம்பும். ஆனால் உண்டாகும் வெப்பம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும்போது, வோல்ட்டுக்கு அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. பையனின் கணக்கையே போட்டுப் பார்த்தோம். வேகம் 16 சதவீதம் கூடியிருந்தது. 1.35ஐ 1.15ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, வேகத்தோடு பெருக்கினால் வெப்பம் சுமார் 60 சதவீதம் அதிகம். சூடேறிய சில்லில் மின்கசிவும் கூடும் என்பதால் உண்மையில் இன்னும் மோசம். சூட்டில் டிரான்சிஸ்டர் மந்தமாகும், அதை உசுப்ப வோல்ட் வேண்டும், வோல்ட் மறுபடி சூடாக்கும். வட்டி கட்டக் கடன் வாங்குகிற கதை. ஜனவரியில் சன்னல் வழியே வந்த குளிர்காற்று அந்த வட்டியை இலவசமாகக் கட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு இன்னொரு குழப்பம். "1.35 எண்டு போட்டிருக்கிறன். லோட் ஏத்தினா 1.26 காட்டுது. போர்டு பழுதோ?" இல்லை. 150 வாட் உறிஞ்சும் சில்லுக்கு 1.25 வோல்ட்டில் 120 ஆம்பியர் ஓட வேண்டும். சுவர் பிளக்குக்கு வீட்டு ஃபியூஸ் அனுமதிப்பது 16தான். வழியில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே 0.12 வோல்ட் விழுந்துவிடும். போதாததற்கு, இந்தச் சரிவைப் போர்டே வேண்டுமென்றே ஓரளவு வைத்திருக்கிறது. வேலை சட்டென்று முடிந்து கரண்ட் வடியும் கணத்தில் வோல்ட் மேலே துள்ளும். சரிவு இருந்தால் அந்தத் துள்ளல் எல்லைக்குள் அடங்கும். லோட்லைன் கேலிபரேஷன் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்துச் சரிவை அழிப்பவர்கள் துள்ளலை மறந்துவிடுகிறார்கள். அது சாதாரண மென்பொருள் மானிட்டரில் தெரியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். பையனும் உச்சத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தான். நடுமட்டத்துக்கு இறக்கினோம்.

பிறகு 4.7 கிகாஹெர்ட்ஸ். வோல்ட்டை 0.01 படிகளாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட்டினோம். 1.19இல் கணினி விழுந்தது, 1.20இல் தாக்குப்பிடித்தது. வேகத்தில் 6 சதவீதம் போனது, வெப்பத்தில் கால் பங்கு போனது. அவன் முகம் மட்டும் வாடியிருந்தது. 5.0 என்ற எண்ணில் ஏதோ இருக்கிறது.

அவனைக் குறை சொல்லமாட்டேன். 1998இல் வந்த செலரான் 300ஏ, பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினாலே 450இல் ஓடியது. பாதிக்குப் பாதி கூடுதல்! 2000இல் ட்ரெஸ்டன் ஆலையிலிருந்து வந்த ஏஎம்டி அத்லான்களில் பென்சிலால் நாலு கோடு இழுத்துப் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியின் பூட்டைத் திறந்தார்கள். விற்பவர் விட்டுவைத்த மிச்சத்தை வாங்கியவர் எடுத்துக்கொண்ட காலம் அது. இப்போது மிச்சத்தைத் தொழிற்சாலையே வழித்தெடுத்து விற்கிறது.

வழித்தது எல்லை மீறியதும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் பல, ஓவர்கிளாக் செய்யாதவர்களின் கையிலேயே விழ ஆரம்பித்தன. 2024 ஜூலையில் நிறுவனம் ஒப்புக்கொண்டது: புராசசரை உள்ளிருந்து இயக்கும் மைக்ரோகோட் தேவைக்கு மேல் வோல்ட் கேட்டிருக்கிறது. அதிக வோல்ட்டும் சூடும் சேர்ந்து, கோருக்குள் துடிப்பைப் பரப்பும் சுற்றையே மூப்படையச் செய்துவிட்டன. ஆகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க விடாமல் தடுத்தது. உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே மூப்படைந்த சில்லை எந்தத் திருத்தமும் இளமையாக்காது, மாற்றித்தான் ஆகவேண்டும்.

பையன் இப்போது வேலைக்குப் போகிறான், புதுக் கணினி வாங்கிவிட்டான். பயாஸைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான். வோல்ட்டேஜ் ஆஃப்செட் கட்டத்தில் 0.05. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி.

(தொடரும்)