போர்ட்டைப் பெரிசாக்கினால் பவர் கூடுமா? ரோட்டரி எஞ்சினும் டர்போவும்

1991-ல் மாஸ்டா இரண்டு விதமான ரோட்டரி எஞ்சினை உலகத்துக்குக் காட்டியது. ஜூன் மாதம் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 787பி ஜெயித்தது. அதில் நான்கு ரோட்டர், 9000 ஆர்பிஎம்மில் சுமார் 700 குதிரைத்திறன், டர்போ கிடையாது. அந்த வருடக் கடைசியில் ஜப்பானில் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 விற்பனைக்கு வந்தது. அதில் இரண்டு ரோட்டர், ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு டர்போ. இரண்டு எஞ்சினிலும் ஒரு அறையின் கொள்ளளவு அதே 654 சிசிதான். காற்று உள்ளே வரும் துளை இருக்கும் இடம்தான் வேற.

ரேஸ் காரின் துளையையும் ரோட்டுக் காரின் டர்போவையும் சேர்த்தால் இரண்டு லாபமும் கிடைக்குமே என்று யாருக்கும் தோணும். ரோட்டரி எஞ்சினை மாடிஃபை பண்றவங்க பல பேர் இங்கதான் ஆரம்பிக்கிறாங்க. இந்தக் கூட்டல் ஏன் நேராக வருவதில்லை என்று பார்ப்போம்.

வால்வு இல்லை, துளைதான் டைமிங்

பிஸ்டன் எஞ்சினில் வால்வு எப்போ திறக்கணும், எப்போ மூடணும் என்பதை கேம்ஷாஃப்ட் தீர்மானிக்குது. டைமிங் பிடிக்கலையா, வேற கேம்ஷாஃப்ட் போட்டுக்கலாம். ரோட்டரியில் வால்வே கிடையாது. இடுப்பு லேசா ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுத்துது. சுவரில் இருக்கும் துளையை, அதாவது போர்ட்டை, ரோட்டரே கடந்து போகும்போது திறக்குது, மூடுது. துளையின் விளிம்பு எங்கே இருக்கோ அதுதான் டைமிங்.

அதனால் டைமிங்கை மாத்தணும்னா எஞ்சினைப் பிரிச்சு இரும்பைத் தேய்க்கணும். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் இதில் ரோல்பேக் கிடையாது.

இன்னொரு கணக்கையும் மனசில் வைங்க. ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும். காற்றை இழுப்பது, அழுத்துவது என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஷாஃப்ட் கணக்கில் 270 டிகிரி கிடைக்கும். பிஸ்டன் எஞ்சினில் இது 180 டிகிரி.

போர்ட் வகைகள்

சைடு போர்ட்: துளை பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். 1967-ல் வந்த காஸ்மோ ஸ்போர்ட் முதல் மாஸ்டா ரோட்டுக் கார்களுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. இன்டேக் தாமதமாகத் திறப்பதால், எக்சாஸ்டும் இன்டேக்கும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஓவர்லேப் ரொம்பக் குறைவு. ஐடில் அமைதியா இருக்கும்.

ஸ்ட்ரீட் போர்ட்: அதே துளையைத் தேய்த்துப் பெரிசாக்குவது. சைடு சீலும் கார்னர் சீலும் துளைக்குள் விழாத அளவுக்குத்தான் போகலாம்.

பிரிட்ஜ் போர்ட்: பழைய துளைக்கு வெளியே புருவம் மாதிரி இன்னொரு துளை. நடுவே மெல்லிய இரும்புப் பாலம் ஒன்றை விட்டு வைப்பார்கள், கார்னர் சீல் அதன் மேல் ஏறிப் போகும். இன்டேக் ரொம்ப முன்னாடியே திறந்துவிடும்.

பெரிஃபெரல் போர்ட்: ரோட்டர் முனை உரசிப் போகும் வெளிச்சுவரிலேயே துளை. காற்று வளையாமல் நேரா உள்ளே போகும். ஓவர்லேப் மிக அதிகம். 787பி-யில் இருந்தது இதுதான்.

ஓவர்லேப்பில் என்ன நடக்குது?

90 டிகிரி ஓவர்லேப் என்று வைத்துக்கொள்வோம். 1000 ஆர்பிஎம்மில் அது 15 மில்லிசெகண்ட் நீடிக்கும். 7500-ல் வெறும் 2 மில்லிசெகண்ட்தான். ஐடிலில் இன்டேக் பக்கம் வெற்றிடம் இருப்பதால், அந்த 15 மில்லிசெகண்டில் எரிந்த புகை திரும்பி உள்ளே வரும். கலவை கெட்டு ஒரு தடவை பத்தாது, அடுத்த தடவை பத்தும். பிரிட்ஜ் போர்ட் கார் நிற்கும்போது கேட்கும் அந்த 'ப்ராப் ப்ராப்' சத்தம் இதுதான். வேகம் கூடினால் புகைக்குத் திரும்பி வர நேரமில்லை. போகிற புகையே புதுக் காற்றை இழுத்துவிடும். எப்பவும் உயர் வேகத்தில் ஓடும் ரேஸ் காருக்கு இது லாபம்.

டர்போ வந்ததும் கணக்கு மாறுது

ரோட்டரிக்கும் டர்போவுக்கும் நல்ல பொருத்தம். எக்சாஸ்ட் துளை வெளிச்சுவரில் இருந்தால், குறுக்கே வால்வு இல்லாமல் சட்டென்று திறக்கும். புகையும் பயங்கரச் சூடு. டர்பைனைச் சுத்த வேண்டிய சக்தி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் டர்பைன் என்பது புகை போகும் வழியில் வைத்த ஒரு தடை. அதற்கு முன்னால் அழுத்தம் சேரும்.

உதாரணமாக இன்டேக்கில் பூஸ்ட் 1 பார், டர்பைனுக்கு முன்னால் 1.5 பார் என்று வைங்க. ஓவர்லேப் நேரத்தில் காற்று எந்தப் பக்கம் போகும்? சூடான புகைதான் இன்டேக்குக்குள் தள்ளும். பெரிய பிரிட்ஜ் போர்ட் இருந்தால் அதற்குக் கதவை அகலமாகத் திறந்து வைத்த மாதிரி. கலவை சூடாகும், நாக்கிங் வரும். ரோட்டரியில் நாக்கிங்கின் முதல் பலி ரோட்டர் முனையில் இருக்கும் அப்பெக்ஸ் சீல். அது உடைந்தால் துண்டுகள் சுவரைக் கீறிவிட்டு, வெளியேறும் வழியில் டர்பைன் பிளேடையும் அடிக்கும். ஒரு சீலோடு போவதில்லை, எஞ்சினும் டர்போவும் சேர்ந்தே போகலாம்.

டர்பைன் பெரிசா இருந்து முன் அழுத்தம் பூஸ்டை விடக் குறைவாக இருந்தால் கதை தலைகீழ். புதுக் காற்று பழைய புகையைத் துடைத்துத் தள்ளும், அறை குளிரும். விலை என்ன? பெட்ரோல் கொஞ்சம் எரியாமலே வெளியே போகும், டர்போ எழுந்திருக்கவும் நேரம் எடுக்கும்.

ஆக, பூஸ்ட் மீட்டர் பாதி உண்மையைத்தான் காட்டும். டர்பைனுக்கு முன்னால் இன்னொரு மீட்டர் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் அந்த எஞ்சின் எவ்வளவு ஓவர்லேப் தாங்கும் என்று தெரியும். முதலில் டர்பைனை முடிவு பண்ணணும், அப்புறம்தான் தேய்க்கும் கருவியைக் கையில் எடுக்கணும்.

சின்ன டர்போதான் என்றால் இன்டேக் திறக்கும் விளிம்பைத் தொடாமல், மூடும் விளிம்பை மட்டும் நீட்டலாம். தாமதமாக மூடினால் குறைந்த வேகத்தில் கொஞ்சம் காற்று திரும்பிப் போகும், அதிக வேகத்தில் காற்றின் உந்தமே அறையை நிரப்பிவிடும். ஓவர்லேப் ஏறாது. எக்சாஸ்ட் பக்கமும் இதே தர்க்கம்: முன்னதாகத் திறப்பது டர்பைனுக்குத் தீனி, தாமதமாக மூடுவது ஓவர்லேப்.

2003-ல் வந்த ஆர்எக்ஸ்-8-ன் ரெனிசிஸ் எஞ்சினில் மாஸ்டா எக்சாஸ்ட் துளையையும் பக்கவாட்டுக்கு மாற்றி ஓவர்லேப்பையே ஒழித்துவிட்டது. புகைக் கட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். 787பி அதை முழுசாகப் பயன்படுத்தியது, ரெனிசிஸ் முழுசாகத் தவிர்த்தது, இரண்டிலும் டர்போ இல்லை. நடுவில் நிற்கும் டர்போ எஞ்சினில்தான் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அழுத்தக் கணக்கு போட வேண்டியிருக்கு.