முதியோரும் உடற்பயிற்சியும்

உடற்பயிற்சி என்றவுடன் இளைஞரும் விளையாட்டுத் திடலுமே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், அதன் பயன் இளமையோடு முடிந்துவிடுவதன்று. முதியோரைக் கீழே விழாமற் காப்பதற்கும் அதுவே சிறந்த துணையாகும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளிக் காடுகளில் உழைத்தும், குழித்தறியில் அமர்ந்து நெய்தும் முதுமை எய்தியோர் பலர். உழைப்பு ஓய்ந்தபின் திண்ணையும் கட்டிலுமே இடமாயின், இயங்காத தசை மெலியும். மெலிந்த கால், வாசற்படி தடுக்கினால் உடலைத் தாங்காது. ஒருமுறை விழுந்தவர், மீண்டும் விழுவோமோ என அஞ்சி நடப்பதைக் குறைப்பர். நடை குறையக் கால் மேலும் மெலியும். இடுப்பெலும்பு முறிந்தோருள் பலர் முன்போல் நடமாடுவதில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவருள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி.

நாம் விழாமல் நிற்பது எங்ஙனம்? கண்ணும், உட்செவியும், உள்ளங்காலும், மூட்டுகளும் உடலின் நிலையை மூளைக்கு உணர்த்துகின்றன. மூளை ஏவ, கால் தசைகள் நொடிப்பொழுதில் இறுகி உடலை நேர்நிறுத்துகின்றன. முதுமையில் இவ்வுணர்வுகள் மழுங்கும். தசையின் விரைவும் குன்றும். எனினும், பயிற்சியால் தசை எவ்வயதிலும் வலுப்பெறும்.

நியூசிலாந்து நாட்டு ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார், முதியோர் தம் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை 1990-களில் வகுத்தனர். பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, பயிற்சியால் முதியோர் விழுவது 23 விழுக்காடு குறைகிறது எனக் காட்டிற்று.

அப்பயிற்சிகள் எளியவை. கையூன்றாது நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், குதிகாலை உயர்த்தி நிற்றல், பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தல், ஓரடியின் முன் மற்றோரடி வைத்து நேர்கோட்டில் நடத்தல் என்பன அவற்றுட் சில. தொடக்கத்தில் சுவரையோ கனத்த மேசையையோ பற்றிக்கொள்ளல் வேண்டும். வலிமை கூடக் கூடப் பிடியைத் தளர்த்தலாம். வாரத்தில் மூன்று நாளேனும் பயிலுதல் வேண்டும். இடையில் விட்டுவிடின் பெற்ற வலிமையும் குன்றும். தலைச்சுற்றலோ வேறு நோயோ உடையவர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் முறை.

முன்னாளில் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில், தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. வீடு தேடிச் சென்று அளிக்கும் இயன்முறை மருத்துவமும் அதில் இடம்பெற்றது.

மாணவர்களே! மருத்துவர் நாள்தோறும் வருதல் இயலாது; நீங்களோ வீட்டிலேயே இருக்கின்றீர்கள். பாட்டனாரும் பாட்டியாரும் பயிலும்போது அருகில் நின்று எண்ணிக்கை சொல்லுங்கள். வழியிற் கிடக்கும் செருப்பையும் தரையிலுள்ள ஈரத்தையும் அகற்றுங்கள். நீங்கள் நடை பயின்ற நாளில் உங்களை விழாமற் காத்தவர் அவர்களே. அவர்கள் தம் காலிலேயே நிமிர்ந்து நடக்கத் துணை நிற்பது உங்கள் கடமையாகும்.