சராசரி வேகமும் பிரயாண நேரமும்

பிறந்த ஊரை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், விடுமுறை நெருங்கும்போது ஒரு கணக்குத் தவறாமல் எழுகிறது. வண்டி இங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும், சென்னையை எத்தனை மணிக்கு அடையும், அங்கிருந்து எழும்பூர் சென்று தெற்கே போகும் வண்டியைப் பிடிக்க அவகாசம் இருக்குமா என்பதே அக்கணக்கு. பௌதிகம் பயிலத் தொடங்கும் மாணவன் முதற்பாடங்களில் காணும் கணக்கும் இதுவேயாகும். தொலைவு, நேரம், வேகம் என்னும் மூன்றையும் பற்றிய இக்கணக்கில் பெரியவர்களும் இடறும் இடம் ஒன்று உண்டு. அதனைத் தெளிவாக அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கடந்த மொத்தத் தொலைவை, அதற்குச் செலவான மொத்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம். புது தில்லியிலிருந்து சென்னை, இருப்புப் பாதை வழியாக ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஒரு விரைவு வண்டி இத்தொலைவை 33 மணி நேரத்தில் கடப்பதாகக் கொள்வோம். 2,180-ஐ 33-ஆல் வகுக்க, மணிக்கு ஏறக்குறைய 66 கிலோமீட்டர் என்று கிடைக்கிறது. வண்டி சில இடங்களில் 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்திலும் ஓடியிருக்கலாம். போபாலிலும் விஜயவாடாவிலும் அசையாமல் நின்றும் இருக்கலாம். நின்ற நேரமும் மொத்த நேரத்தில் அடங்கும் என்பதை மறத்தலாகாது. எங்கும் நில்லாமல், வேகம் கூடாமலும் குறையாமலும் ஓடும் ஒரு கற்பனை வண்டி அதே 33 மணியில் சென்னையை அடைய என்ன வேகத்தில் ஓட வேண்டுமோ, அதுவே சராசரி வேகம்.

இனி, இடறும் இடத்தைப் பார்ப்போம். ஒருவர் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே வழியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். அவருடைய சராசரி வேகம் என்ன? அறுபதையும் நாற்பதையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 50 என்று சொல்லவே நாம் விரைவோம். ஆனால் அவர் போவதற்கு 2 மணி ஆயிற்று. வருவதற்கு 3 மணி ஆயிற்று. மொத்தத் தொலைவு 240 கிலோமீட்டர். மொத்த நேரம் 5 மணி. ஆகவே சராசரி வேகம் 48 கிலோமீட்டரே.

ஏன் இந்த வேறுபாடு? தொலைவு இரு வழியிலும் சமம், நேரம் சமமன்று. மெதுவாகச் சென்றது மூன்று மணி. விரைவாகச் சென்றது இரண்டே மணி. நெடுநேரம் நீடித்த வேகம் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவர் ஒரு மணி நேரம் 60 கிலோமீட்டர் வேகத்திலும், அடுத்த ஒரு மணி நேரம் 40 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றிருந்தால், 50 என்னும் விடை சரியாகவே இருந்திருக்கும். தொலைவுகள் சமமாயின், இரு வேகங்களையும் பெருக்கி, அதனை இரட்டித்து, அவ்வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இதனைக் கணித நூலார் இசைச் சராசரி என்பர். சூத்திரம் மறந்தாலும் குற்றமில்லை. நேரங்களைக் கூட்டலாம், வேகங்களைக் கூட்டலாகாது என்னும் நெறியை நினைவிற்கொண்டால் போதும்.

இந்நெறி ஏட்டுச் சுரைக்காய் அன்று, கறிக்கும் உதவுவது. தில்லி - சென்னைப் பாதையில் நாகபுரி ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. இரு புறமும் 1,090 கிலோமீட்டர் என்று கொள்வோம். பதினாறரை மணியில் நாகபுரி சேர வேண்டிய நம் வண்டி, இரண்டு மணி தாமதித்துப் பதினெட்டரை மணியில் சேர்கிறது. முற்பாதியின் வேகம் 66-இலிருந்து 59 ஆயிற்று, இழந்தது 7. பிற்பாதியில் அந்த ஏழைக் கூட்டி 73 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஈடாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அப்போதும் பிற்பாதிக்கு 14 மணி 56 நிமிடம் ஆகும். வண்டி 26 நிமிடம் பிந்தியே சென்னை சேரும். நேரத்துக்குச் சேர வேண்டுமாயின் வேகம் 75-க்கு உயர வேண்டும். முற்பாதியிலேயே 33 மணியும் கழிந்துவிட்டால், எந்த வேகமும் அதனை ஈடுசெய்யாது. சென்னையில் சிறிது இடைவெளியே விட்டு அடுத்த வண்டிக்குச் சீட்டு எடுத்தவர், திருமண முகூர்த்தத்துக்கோ, நோயுற்ற தாயாரைக் காணவோ விரைபவராக இருக்கலாம். அவர் நாகபுரியிலேயே இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால், மாற்று ஏற்பாட்டுக்கு அரை நாளுக்கு மேல் அவகாசம் கிடைக்கும்.

மாணவர்க்கு ஓர் எளிய முறை கூறுவோம். பிரயாணத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொலைவு, வேகம், நேரம் என மூன்று கட்டங்கள் வரைக. தெரிந்த இரண்டைக் கொண்டு மூன்றாவதை நிரப்புக. பிறகு தொலைவுகளையும் நேரங்களையும் தனித்தனியே கூட்டி வகுத்திடுக. 2 மணி 30 நிமிடத்தை 2.30 என்று எழுதி வகுப்பது பெருந்தவறு, அது 2.5 மணி. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை விநாடிக்கு இத்தனை மீட்டர் என மாற்ற, 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுக்க வேண்டும். 72 கிலோமீட்டர் வேகம், விநாடிக்கு 20 மீட்டராகும்.

கணக்குச் சரியாயிருந்தும் மதிப்பெண் போகக்கூடிய இடம் ஒன்று, வெளி மாநிலங்களில் வாழும் நமக்கே உரியது. தமிழ்ப் பாடநூல்களில் திசையைக் கருதாதது வேகம். திசையோடு கூடியது திசைவேகம். இந்திப் பாடநூல்களிலோ நம் வேகத்துக்குப் பெயர் ‘சால்’. ‘வேக்’ என்றால் திசைவேகம். வங்க மொழியில் முன்னது ‘துருதி’, பின்னது ‘பேக்’. முற்கூறியவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டார். ஆகவே அவருடைய இடப்பெயர்ச்சி சுழி. சராசரி வேகம் 48 ஆயினும், சராசரித் திசைவேகம் சுழியே. வினாத்தாள் ‘வேக்’ கேட்க, வீட்டில் நாம் ‘வேகம்’ என்று கற்பித்த 48-ஐப் பிள்ளை எழுதிவிட்டால் விடை தவறாகும். ஒலியால் ஒத்த சொற்களே மிகுதியும் ஏமாற்றும் என்பது மொழிபெயர்ப்போர் நன்கறிந்த உண்மை. பிள்ளைக்குத் தமிழில் விளக்குவது மிகவும் நன்று. விளக்குமுன் அவன் பாடநூலில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டறிதல் அதனினும் நன்று.

மொத்தத் தொலைவு, மொத்த நேரம், சொல்லின் சரியான பொருள் ஆகிய மூன்றையும் கைக்கொண்டால், வகுப்பறைக் கணக்கும் ஊர்ப் பயணக் கணக்கும் ஒருங்கே நம் வசமாகும்.