இருபது ஆண்டு முன்னால் கிளம்பியவரை எட்டிப்பிடிப்பது

ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் புதியவருக்கும் பழையவருக்கும் இடையே உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியானதல்ல. ஆன்லைன் சதுரங்கத்தில் பழையவரிடம் கூடுதலாக இருப்பது அனுபவம் மட்டும்தான். பலகையில் இரு தரப்புக்கும் அதே பதினாறு காய்கள். ‘ஈவ் ஆன்லைன்’ அப்படிப்பட்டதல்ல. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரைச் சேர்ந்த சிசிபி கேம்ஸ் நிறுவனம் 2003 மே 6 அன்று வெளியிட்ட இந்த விண்கல விளையாட்டில், சீனாவுக்கென இயங்கும் தனி சர்வரை விட்டுவிட்டால், உலகம் முழுவதும் ஒரே சர்வரில்தான் ஆடுகிறது. ‘நியூ ஈடன்’ என்ற அந்தக் கற்பனை விண்வெளியை நிறுவனம் ஒருமுறைகூட அழித்து முதலிலிருந்து தொடங்கவில்லை. இன்று கணக்குத் தொடங்குபவர் முதல் நாளே உலவுவது, இருபது ஆண்டுக்கும் மேலாகச் சொத்தும் திறனும் சேர்த்தவர்கள் திரியும் அதே வெளியில்.

இதில் திறன் வளரும் விதம் நிலைமையை இன்னும் மோசமாக்குவது போலத் தெரியும். மற்ற பல விளையாட்டுகளில் எதிரிகளைக் கொன்றோ பணிகளை முடித்தோ நிலை உயர வேண்டும்; அதிக நேரம் ஆடுபவர் முந்தலாம். ஈவில் திறன்கள் கடிகாரத்தைப் பார்த்து வளர்கின்றன. எந்தத் திறனைப் பயில வேண்டும் என்று வரிசையில் போட்டுவிட்டால், கணினியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் புள்ளிகள் ஏறும். மாதச் சந்தா கட்டும் புதியவருக்கு, கூடுதல் கருவி எதுவும் பொருத்தாத நிலையில், மணிக்குச் சுமார் 1,800 புள்ளிகள் சேரும். பழையவருக்கும் அடிப்படை வேகம் அதேதான். அப்படியானால் 2003-இல் தொடங்கி விடாமல் பயின்றுவரும் ஒருவரின் மொத்தப் புள்ளிகளை, 2025-இல் தொடங்கியவர் இந்த வழியில் ஒருநாளும் தொட முடியாது. கணக்கு அதுவரை சரிதான். மொத்தப் புள்ளிகளை ஒப்பிடுவதில்தான் பிழை.

ஒவ்வொரு திறனுக்கும் ஐந்தே படிகள். எளிய திறன் ஒன்றின் முதல் படிக்கு 250 புள்ளிகள் போதும். இரண்டாம் படியை எட்டும்போது மொத்தம் 1,415, மூன்றாவதில் 8,000, நான்காவதில் 45,255, ஐந்தாவதில் 2,56,000. கடினமான திறன்களில் இந்த எண்கள் சில மடங்கு பெருகும். ஆனால் ஏற்றத்தின் வடிவம் மாறாது. மணிக்கு 1,800 என்ற வேகத்தில் நான்காம் படியை 25 மணி நேரத்தில் எட்டலாம். அங்கிருந்து ஐந்தாம் படிக்கு மட்டும் மேலும் 117 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். கிடைக்கும் பலனோ பெரும்பாலான திறன்களில் படிக்கு 5 சதவீதம் போலச் சீராகத்தான் ஏறுகிறது. நான்காம் படிக்காரர் பெறுவது 20 சதவீதம், ஐந்தாம் படிக்காரர் பெறுவது 25 சதவீதம். நேரடியாக ஒப்பிட்டால் இருவருக்கும் இடையே சுமார் 4 சதவீத வித்தியாசம். அந்த 4 சதவீதத்துக்குத்தான் மொத்த உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் செலவாகியிருக்கிறது. ஐந்தாம் படிக்கு மேல் ஏற இடமே கிடையாது என்பதால், பழையவர் அங்கே போய் நின்றுவிடுகிறார். பின்னால் வருபவர் நெருங்கிக்கொண்டே இருக்கிறார்.

பழையவரின் பலத்துக்கு இரண்டாவது எல்லை, ஏறி உட்காரும் கலம். பேருந்து, லாரி, கிரேன் என்று பத்து வகை வாகனத்துக்கும் உரிமம் வைத்திருப்பவர், இருசக்கர வாகனத்தில் போகும்போது அந்த ஒரு உரிமத்தால்தான் ஓட்டுகிறார். ஈவிலும் அதுதான் நிலை. பத்துக் கோடிப் புள்ளி வைத்திருப்பவர் ‘ஃபிரிகேட்’ என்ற சிறு கலத்தில் வந்தால், அந்தக் கலத்துக்கும் அதன் துப்பாக்கிக்கும் கவசத்துக்கும் எஞ்சினுக்கும் உரிய திறன்கள் மட்டுமே வேலை செய்யும். சரக்குக் கப்பல் ஓட்டுவதிலும் தாது தோண்டுவதிலும் ஆராய்ச்சியிலும் அவர் சேர்த்த கோடிகள் அந்தச் சண்டையில் வெறும் அலங்காரம். அந்த ஒரே வகைக் கலத்துக்கென்று சில மாதம் பயின்ற புதியவர் அவருக்கு முன் ஏறத்தாழச் சமமாகவே நிற்பார்.

ஆகவே முதல் வழி, குறுகலாகத் தொடங்குவது. விளையாட்டிலுள்ள இனங்களில் ஒன்றின் ஒரே வகைக் கலம், ஒரே வகைத் துப்பாக்கி, அவற்றுக்கு அடிப்படையான மின்திறன், கவசத் திறன்கள் ஆகியவற்றை முதலில் மூன்று, நான்காம் படிகளுக்குக் கொண்டுவந்தால் போதும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்பவர் எதற்கும் உதவாமல் நிற்பார். ஐந்தாம் படியை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ‘டெக் 2’ எனப்படும் மேம்பட்ட கலங்களும் துப்பாக்கிகளும் சில திறன்களில் ஐந்தாம் படியைக் கட்டாயமாகக் கேட்கும். எவற்றுக்கு அது வாசற்கதவு, எவற்றுக்கு அது வெறும் 4 சதவீதம் என்று பிரித்துப் பார்ப்பதிலேயே பல வாரங்கள் மிச்சமாகும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி வேறு: பெரிய கலமே வலிமையான கலம் என்ற நினைப்பு. போர்க்கப்பல் எனப்படும் பேட்டில்ஷிப்பில் ஏற அனுமதி கிடைக்க அதிக நாள் ஆகாது. அதை நன்றாக ஓட்டத்தான் நாளாகும். அதன் பெரிய பீரங்கிகள் மெல்லத் திரும்புபவை. அருகில் வேகமாகச் சுற்றும் சிறு கலத்தை அவற்றால் குறிவைத்துத் தொடர முடியாது. கையிலிருந்த பணத்தையெல்லாம் கொட்டி வாங்கிய போர்க்கப்பலை, அதன் விலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாத இரண்டு மூன்று ஃபிரிகேட்டுகளிடம் இழப்பது ஈவில் தினசரிச் செய்தி.

அந்தச் சிறு கலங்களில்தான் புதியவருக்கு உண்மையான வேலை காத்திருக்கிறது. சண்டை தோற்கும் என்று தெரிந்தால் எந்தக் கலமும் ‘வார்ப்’ முறையில் தாவி ஓடிவிடலாம். அதை ஓடவிடாமல் பிடித்துவைக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு முதலில் பாய்ந்து செல்பவரை ‘டேக்கிள்’ என்பார்கள். இந்த வேலைக்கு வேண்டிய திறன்கள் சில நாளில் கைவரும். கலத்தின் விலையும் மிகக் குறைவு. தடுப்புக் கருவிக்கு ஓட்டுபவரின் வயது தெரியாது: பதினைந்து ஆண்டு அனுபவசாலியின் கலத்தையும் பத்து நாள் கத்துக்குட்டி நிறுத்திவைக்கலாம், பின்னால் வரும் பெரிய கலங்கள் சுட்டு முடிக்கும்வரை. பிடித்தவரும் பலமுறை செத்துப்போவார். ஆனால் மலிவான ஒரு கலத்தைக் கொடுத்து விலையுயர்ந்த ஒன்றை வீழ்த்தியதில் குழுவுக்கு லாபம்தான்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ‘கூன்ஸ்வார்ம்’ கூட்டணியினர். ‘சம்திங் ஆஃபுல்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தளத்திலிருந்து கூட்டமாக வந்த இவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்கே புதியவர்கள். ரிஃப்டர் போன்ற மலிவான ஃபிரிகேட்டுகளில் நூற்றுக்கணக்கில் போய் மொய்ப்பதே இவர்களின் போர்முறை. அன்றைக்கு மிக வலிமையாக இருந்த, பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நிறைந்த ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ கூட்டணியோடு சில ஆண்டுகள் இப்படி மோதினார்கள். கடைசி அடி போர்க்களத்தில் விழவில்லை. 2009 பிப்ரவரியில் எதிரணியின் நிர்வாகி ஒருவர் கட்சி மாறி, தனக்கிருந்த அதிகாரத்தைக் கொண்டே அந்தக் கூட்டணியை உள்ளிருந்து கலைத்துவிட்டார்.

நிறுவனமும் இடைவெளியைக் குறைக்கச் சில மாற்றங்கள் செய்திருக்கிறது. தொடக்கத்தில் ‘கற்றல் திறன்கள்’ என்று ஒரு தொகுதி இருந்தது. அவற்றைப் பயின்றால் மற்ற திறன்கள் வேகமாக ஏறும். விவரம் தெரிந்த புதியவர்கள், அதனாலேயே, முதல் சில வாரங்களை வேறு எதையும் கற்காமல் இவற்றில் கழித்தார்கள். கலம் ஓட்டத் தெரியாமல் சலித்து வெளியேறியவர்களும் உண்டு. 2010 டிசம்பரில் அந்தத் தொகுதியையே நீக்கி, அவற்றில் போட்ட புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2016 நவம்பரில், வரம்புகளோடு இலவசமாக ஆடும் ‘ஆல்ஃபா’ கணக்கு வந்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த ‘ஸ்கில் இன்ஜெக்டர்’ இவற்றைவிடப் பெரிய திருப்பம். 55 லட்சம் புள்ளிகளுக்கு மேல் வைத்திருப்பவர் அதிலிருந்து 5 லட்சத்தை உறிஞ்சிக் குப்பியில் அடைத்துச் சந்தையில் விற்கலாம். வாங்குபவர் உடனே ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும்போது கிடைக்கும் அளவில் புதியவருக்குச் சலுகை உண்டு. 50 லட்சத்துக்குக் கீழே இருப்பவருக்கு 5 லட்சமும் முழுதாகச் சேரும். 5 கோடி வரை உள்ளவருக்கு 4 லட்சம், 8 கோடி வரை 3 லட்சம், அதற்கு மேல் வெறும் 1.5 லட்சம். உண்மைப் பணத்தை விளையாட்டுப் பணமாக மாற்றும் வழியும் இருப்பதால், காசுள்ளவர் ஒரே மாலையில் பல ஆண்டுகளைத் தாண்டிவிடலாம். இது நியாயமா என்ற சண்டை ஆட்டக்காரர்களிடையே எழாமல் இல்லை. ஆனால் வாங்கிய புள்ளிகளோடு பெரிய கலத்தில் ஏறிய புதியவர்கள் அதை எவ்வளவு சீக்கிரம் இழந்தார்கள் என்பதைப் பார்த்தால், பழையவரின் பலம் புள்ளியில் அதிகம் இல்லை என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பலம் பெரும்பாலும் கவனத்தில் இருக்கிறது. பழையவர் ஒரு நட்சத்திர மண்டலத்துக்குள் நுழைந்ததும் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்ற ‘லோக்கல்’ பட்டியலைப் பார்ப்பார். சுமார் 14 வானியல் அலகு தூரம்வரை துழாவும் ஸ்கேனரைச் சில நொடிக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே இருப்பார். மண்டலங்களை இணைக்கும் எந்த வாயிலில் எதிரிகள் பதுங்கியிருப்பார்கள், எந்தக் கலத்தைக் கண்டால் ஓட வேண்டும், எது தூண்டில் என்று கண்டுகொள்வார். பாதுகாப்பான மண்டலங்களில் காவல் படை குற்றத்துக்குப் பின் தண்டிக்குமே தவிர முன்கூட்டித் தடுக்காது என்பதும் அவருக்குத் தெரியும். இவை எதுவும் வரிசையில் போட்டுத் தூங்கினால் ஏறாது.

இதைக் கற்கும் வழி இழப்பது. ஈவில் அழிந்த கலம் திரும்பி வராது. அதனால் அனுபவசாலிகளே இழக்கத் தாங்காத கலத்தில் ஏற மாட்டார்கள். ஒரே விலையுயர்ந்த கலத்துக்குப் பதில் இருபது மலிவான ஃபிரிகேட்டுகளை வாங்கி அடுக்கிவைத்து, ஒவ்வொன்றாகச் சண்டையில் தொலைப்பவர் ஒரு மாதத்தில் கற்பதை, பயந்து தாது தோண்டிக்கொண்டிருப்பவர் ஓராண்டிலும் கற்பதில்லை. வீழ்ந்த கலங்களின் விவரம், எதைப் பொருத்தியிருந்தார்கள், யார் சுட்டார்கள் என்பதுவரை இணையத்தில் பொதுவில் தொகுக்கப்படுவது கூடுதல் வசதி. பழையவர்களின் தோல்விகளைக்கூட உட்கார்ந்து படிக்கலாம்.

தனியே கற்பதைவிடக் குழுவில் கற்பது விரைவு. 2004-இல் தொடங்கிய ‘ஈவ் யுனிவர்சிட்டி’ புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. பெரிய கூட்டணிகளில் பலவும் புதியவர்களுக்கெனத் தனிப் பிரிவு நடத்தி, ஆரம்பக் கலங்களை இலவசமாகவே கொடுக்கின்றன. சேர்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஏமாற்றுவதையும் உளவு பார்ப்பதையும் குழுவின் கஜானாவைச் சுருட்டுவதையும் ஆட்ட விதிகள் அனுமதிக்கின்றன என்பதால், நேற்று முளைத்த கணக்கை எல்லோரும் ஒற்றனோ என்று பார்ப்பார்கள். நம்பிக்கையைச் சம்பாதிக்க மாதங்கள் ஆகும். அதற்குக் குப்பி விற்பனை கிடையாது.

மற்ற விளையாட்டுகள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கின்றன. 2007 ஜனவரியில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ முதல் விரிவாக்கத்தை வெளியிட்டு நிலை வரம்பை 60-லிருந்து 70-க்கு உயர்த்தியபோது, பழையவர்கள் மாதக்கணக்கில் போராடிப் பெற்ற ஆயுதங்களைவிட நல்லவை புதிய நிலத்தின் சாதாரணப் பணிகளிலேயே கிடைத்தன. எல்லோரும் மறுபடி ஏறத்தாழ ஒரே கோட்டுக்கு வந்தார்கள். ஈவ் அப்படிக் கோட்டை அழிப்பதில்லை. அதனால் சில உயரங்கள் அங்கே நீண்ட காலத்துக்கு எட்டாதவையே. 2014 ஜனவரியில் ‘பி-ஆர்5ஆர்பி’ என்ற மண்டலத்தில் நடந்த போரில் 75 டைட்டன்கள் அழிந்தன. அத்தகைய ராட்சதக் கலம் ஒன்றைக் கட்டவும் காக்கவும் தனிமனிதரின் புள்ளியும் பணமும் போதாது, ஒரு கூட்டணியே பின்னால் நிற்க வேண்டும். ஜீட்டா என்ற பெரிய சந்தையில் கோடிகளைப் புரட்டும் வணிகர்களோடு அவர்கள் களத்திலேயே மோதுவதும் புதியவருக்கு நஷ்டம். ஆனால் அங்கிருந்து தோட்டாக்களும் உதிரிக் கருவிகளும் வாங்கி, யாரும் கொண்டுபோகச் சிரமப்படும் கடைக்கோடி மண்டலங்களில் கொஞ்சம் கூட்டி விற்பது முதல் மாதத்திலேயே நடக்கக்கூடிய வியாபாரம். வழியில் பதுங்கியிருப்பவர்களைக் கடந்து போகத் தெரிந்தால்.