உயிர் பறித்த உச்சரிப்பு

ஆங்கில நூல்களைப் பயிலும் மாணவர் சிலர் 'ஷிபோலெத்' என்னுஞ் சொல்லுக்குப் பொருள் யாதென வினவுவதுண்டு. ஒரு கூட்டத்தாரைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டும் சொல், உச்சரிப்பு, வழக்கம் என அகராதி பொருள் கூறும். கட்சியினர் பொருளுணராது ஓதும் பழஞ் சுலோகத்தையும் அது குறிக்கும். ஆயினும், சொல்லின் வரலாற்றை அறிந்தாலன்றி அதன் முழுப்பொருள் விளங்காது.

இஃது எபிரேயச் சொல். தானியக் கதிர் என்பது பொருள். நீரோட்டம் எனவும் பொருள் கொள்வர். இதன் கதை விவிலியத்தில், நியாயாதிபதிகள் என்னும் பகுதியில் உள்ளது. யெப்தா என்பவன் தலைமையிற் கீலேயாத்தியர் எப்பிராயீமியரைப் போரில் முறியடித்தனர். தோற்றவர்கள் யோர்தான் நதியைக் கடந்து ஊர் திரும்ப முயன்றனர். இரு சாராரும் இஸ்ரவேலரே. தோற்றத்தால் வேறுபாடு காண்டல் அரிது. ஆகவே, ஆற்றுத்துறைகளைக் காத்து நின்ற கீலேயாத்தியர், வந்தவர்களை 'ஷிபோலெத்' என்று சொல்லும்படி பணித்தனர். எப்பிராயீமியர் நாவில் 'ஷ' வரவில்லை, 'சிபோலெத்' என்றனர். அவ்வாறு சொன்னவர் கொல்லப்பட்டனர். மாண்ட எப்பிராயீமியர் 42,000 பேர் என்கிறது அந்நூல்.

நாம் இங்கே சற்றுச் சிந்தித்தல் வேண்டும். 'ஷ' தமிழுக்கும் உரிய எழுத்தன்று. ஷண்முகனைச் சண்முகன் எனவும், விஷத்தை விடம் எனவும் வழங்குதல் நம் இலக்கண மரபு. அந்த யோர்தான் துறையில் நம் பாட்டனார் நின்றிருப்பின் அவர் கதி யாதாகியிருக்கும்?

இது பழங்கதை மாத்திரமன்று. 1937 இல் டொமினிக்கன் குடியரசிற் படையினர் ஹெயிட்டி மக்களைக் கொன்று குவித்தபோது, 'பெரெஹில்' என்னும் கீரையின் பெயரைச் சொல்லச் செய்து இனங்கண்டனர் என்பர். நம் நாட்டிலும் 1983 ஜூலைக் கலவரத்தில், பஸ் வண்டிகளை மறித்தோர் வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னுஞ் சிங்களச் சொல்லைப் பயணிகளிடம் கேட்டனர். சிங்களச் சொல்லின் முதலில் வரும் அந்தப் பகரம் வேறு. தமிழர் நாவிற் பழகிய வல்லினப் பகரம் வேறு. அந்த நூலிழை வேறுபாடு பலரைக் காட்டிக் கொடுத்தது.

அயலூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்றால் வகுப்பு நகைக்கின்றது. மாணவப் பருவத்தில் யானும் அவ்வாறு நகைத்ததுண்டு. பிழையைத் திருத்துதல் கடமையே. ஆனால், நாவைக் கொண்டு ஆளை அளக்கத் தொடங்குபவன், தன்னை அறியாமலே அந்த ஆற்றுத்துறைக் காவலர் பக்கத்திற் போய் நிற்கிறான்.