நுரைத்துக் கரையும் குளியல் உருண்டை: வீட்டிலேயே ஒரு வேதியியல் பாடம்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் சேர்ந்து ஏதாவது செய்து பார்க்க விரும்பும் பெற்றோர், தேக்காவுக்குக் காய்கறி வாங்கச் செல்லும்போது ஆப்பசோடா, சோளமாவு, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றையும் வாங்கி வரலாம். பேக்கிங் பொருள் கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூளும் இருந்தால், தண்ணீரில் போட்டதும் நுரைக்கும் ‘பாத் பாம்’ தயார்.

‘லஷ்’ நிறுவனத்தை இணைந்து தோற்றுவித்த பிரிட்டனின் மோ கான்ஸ்டன்டைன் 1989ல் இதை உருவாக்கினார். தண்ணீரில் பொங்கும் மாத்திரைதான் அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது. நம் வீடுகளில் வயிற்றுப் பொருமலுக்குக் கலக்கும் ஈனோ பொங்குவதும் இதே முறையில்தான்.

ஆப்பசோடாவும் சிட்ரிக் அமிலமும் உலர்ந்திருக்கும் வரை ஒன்றும் நடக்காது. தண்ணீர் பட்டதும் இரண்டும் கரைந்து வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன. குமிழிகளாக வருவது அந்த வாயுதான். இவ்வினை வெப்பத்தை உள்ளிழுப்பதால், குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி கலவையைப் போட்டால் தண்ணீர் சற்றுக் குளிர்வதைப் பிள்ளைகள் தொட்டு உணரலாம்.

செய்முறை

200 கிராம் ஆப்பசோடா, 100 கிராம் சிட்ரிக் அமிலம், 100 கிராம் சோளமாவு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலக்கவும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையவும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோல நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் சில சொட்டு எண்ணெய் விடவும். தண்ணீர் வேண்டாம்.

பலருக்கும் உருண்டை இங்குதான் கெட்டுப்போகிறது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். சமையலறை மேசையில் விட்டு வைத்தால் அந்த ஈரமே வினையைத் தொடங்கிவிடும்; உருண்டை உப்பி வெடிக்கும். குளிர்சாதன அறையில் ஓர் இரவு உலரவிட்டு, பிறகே காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஓர் உருண்டையை மட்டும் வெளியே வைத்து ஒப்பிட்டால், அதுவே ஒரு சோதனை.

கவனம் தேவை

சிட்ரிக் அமிலத் தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கலவையையும் தண்ணீரையும் சேர்த்துப் போத்தலில் மூடவே கூடாது. வாயு அழுத்தத்தால் போத்தல் வெடிக்கலாம். சருமக் கோளாறு உள்ள பிள்ளைகள் தவிர்ப்பது நல்லது.

வீவக வீடுகள் பலவற்றில் குளியல் தொட்டி இல்லையே என்ற கவலை வேண்டாம். வெதுவெதுப்பான நீர் நிரம்பிய ஓர் அகலப் பாத்திரம் போதும், கால்களை நனைத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டிக்கு நீரிழிவோ காலில் புண்ணோ இருந்தால், அவர்கள் காலை நனைக்காமல் பேரப்பிள்ளைகளுடன் அமர்ந்து வேடிக்கை பார்க்கட்டும்.