ஆகாயத்தாமரையின் நார்

ஏரியையும் வாய்க்காலையும் நம்பிப் பயிரிடும் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில், தண்ணீரை மூடிப் படர்ந்து மதகை அடைக்கும் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டுவிட்டு, அது அழுகி நாறுவதோடு அதன் கதை முடிந்ததென்று நினைப்பதே வழக்கம். ஆனால், பூவின் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து தேசந்தேசமாகக் கொண்டுபோகப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் புகுந்து, 1936-ல் தன்னை ஒழிப்பதற்கென்றே அங்கு ஒரு சட்டம் பிறக்கும்படி செய்த இந்தச் செடியின் தண்டில், கைத்தொழிலுக்கு உதவும் நாரும் இருக்கிறது.

தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் கடற்பஞ்சைப் போலக் கண்ணறைகள் நிறைந்திருக்கும். அவற்றில் அடைபட்ட காற்றே செடியை மிதக்க வைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஜலமே ஆதலால், நூறு கிலோ பச்சைத் தண்டை வெயிலில் உலர்த்தினால் பத்துக் கிலோகூடத் தேறாது. உலர்ந்ததை நறுக்கி, காரம் சேர்த்து வேகவைத்து, அலசி, அரைத்துக் கூழாக்கித் தொட்டி நீரில் கலக்கி, வலைச் சட்டத்தால் முகந்தெடுத்தால், நீர் வடிந்தபின் தங்கும் மெல்லிய படலமே காகிதமாகிறது. ஆயினும் இந்தக் கூழில் நீர் எளிதில் வடிவதில்லை. இதை மட்டும் கொண்டு வார்த்த தாள் உலரும்போது சுருங்கும், மடித்தால் முறியும். ஆகையால் பருத்திக் கந்தலோ பழைய காகிதமோ கலப்பது அவசியம். பருத்திக் கழிவிலிருந்து கைக்காகிதம் செய்யும் வித்தை 1959 முதல் புதுச்சேரி ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் காகிதத் தொழிற்சாலையில் வளர்ந்திருப்பதால், அந்த அநுபவம் வில்லியனூருக்கு வரத் தூரம் அதிகமில்லை.

தாளைக் காட்டிலும் பின்னல் வேலைக்கே தண்டு அதிகம் இசையும். அஸ்ஸாமில் தீபோர் பில் ஏரிக்கரையின் மீனவப் பெண்கள் அறுவர், உலர்த்திய தண்டைத் தறியில் நெய்து யோகாசனப் பாய் செய்தது 2021-ல் தேசமெங்கும் பேசப்பட்டது. நம் பக்கத்துத் திருக்கனூரிலோ, புவிசார் குறியீடு பெற்ற காகிதக்கூழ்ப் பொம்மைத் தொழில் இருக்கிறது. மடிப்பதற்கு ஆகாத கூழ் பொம்மை வார்ப்பதற்கு ஆகுமா என்று அந்தக் கைவினைஞர்களே சோதித்துப் பார்க்க வேண்டுமென்பது என் விருப்பம்.

ஆனால் தொழிலின் பெயரால் செடியை வளர்க்கத் தொடங்கினால் அதைவிடப் பெரிய அநர்த்தம் வேறில்லை. 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுடு ஏரியில் நீர்ப்பறவைகளுக்கு வேண்டியது திறந்த நீர்ப்பரப்பு; செடி படர்ந்தால் அது மூடிப்போகும். விதை சேற்றில் இருபது ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும் ஆகையால், பூப்பதற்கு முன்பே செடியை வேரோடு வாரிவிட வேண்டும். சாக்கடை கலக்கும் இடங்களில் வேர் ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். அவ்வேரை எருக்குழியில் சேர்க்காமல், தண்டை மட்டுமே தொழிலுக்கு எடுத்துக்கொள்வது நலம்.